பத்தொன்பதாம் முளை

பத்தொன்பதாம் முளை ஏறியிருந்தது. பதினாறு மில்லிமீட்டர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லெவல் கருவிக்குள் மறுபடி பார்த்தாள். முளையின் தலையில் அளவுகோலை நிறுத்திப் பிடித்திருந்தவர் ஐந்தடிகூடத் தேறமாட்டார். அவருக்கு ஆறடி என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. கோல் ஆடவில்லை. மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் மேலிருக்கும் மண் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கத்தான் தெருத்தெருவாக இரும்பு முளை அடித்து மாதாமாதம் அளக்கிறார்கள். ஏறுமா?

"அண்ணே, கோலைச் சரியா வைங்க."

"மூணு தடவை வெச்சாச்சும்மா. போன மாசத்து எண்ணைப் போட்டுட்டு வா. வெயில் மண்டையைப் பொளக்குது."

அங்கே அதுதான் வழக்கம். மண் ஏறாது, ஏறியதாகக் காட்டினால் அளந்தவர் தவறு. அந்த எண்ணை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, போன மாதத்து எண்ணை எழுதி, கீழே கையெழுத்துப் போடுவார்கள். ஓராண்டாக அவளும் அப்படித்தான் போட்டாள். ஆனால் இந்த முளை அக்கா வீட்டு வாசலில் இருந்தது. இன்று கை வரவில்லை.

அலுவலகத்தில் பழைய குறிப்பேடுகளை எல்லாம் இழுத்துப்போட்டு, அடிக்கப்பட்ட எண்களை மட்டும் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனாள். முதல் மாதம் சுரங்க வாயருகே ஒரு முளை. பிறகு அதற்கடுத்தது. புதுத் தெரு தொடங்கும் இடத்தில் கோடு கிளை பிரிந்தது. கிளைகளை எண்ணினாள். பதினொன்று. ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வாசலில் போய் முடிந்தது.

உள்ளே விட்டு மூடப்பட்டவர்கள் பதினொரு பேர்.

பதினான்கு மாதங்களுக்கு முன் சுரங்கத்தில் தீப்பிடித்தது. காற்றில்லாமல் போனால் தீ அணையும் என்று நான்கே மணி நேரத்தில் வாயைக் கான்கிரீட் போட்டு மூடச் சொன்னார் மேனேஜர். உயிரோடு யாருமில்லையாம்! காற்றுக் குழாயில் இரண்டு நாள் தட்டும் சத்தம் கேட்டது. சூட்டில் இரும்பு விரிகிறது என்றார். பதினொருவரில் அக்காவின் கணவரும் ஒருவர். அப்போது அக்காவுக்கு ஐந்து மாதம். பிறகு பதினொரு குடும்பத்துக்கும் புதுத் தெருவில் வீடு கொடுத்து வாயை அடைத்தார்கள். நிலம் உறுதியாக இருக்கிறது என்ற சான்றிதழில் அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

"சார், அந்தப் பதினொரு வீட்டையும் இப்பவே காலி பண்ணணும்."

மேனேஜர் வரைபடத்தைத் தொடக்கூட இல்லை. "நிலம் வீங்குதா? கட்டின்னா களிம்பு தடவு. சான்றிதழ்ல கையெழுத்து யாருது? என்னுதா, உன்னுதா?"

"நாலு மணி நேரத்துல மூடினீங்களே, பாவி! அவங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலையா?"

"வாயை அடக்கிப் பேசு."

குறிப்பேட்டை அவர் மேஜைமேல் வீசியெறிந்துவிட்டு வெளியே ஓடினாள். பத்து மாதக் குழந்தை. அதைத் தூக்கிக்கொண்டு, அக்காவையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டால் போதும். மற்ற வீட்டுக் கதவுகளைப் பிறகு தட்டலாம்.

புதுத் தெருவில் பிற்பகல் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் சூடு மேலிருந்து வரவில்லை, செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியது, அதோடு ஈரக்கரி புகையும் வாடையும், அழுகிய முட்டை நாற்றமும். ஒரு வாசலிலும் ஆளில்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. உள்ளிருந்து சத்தம் மட்டும். இரும்பு கல்லில் விழும் சத்தம். ஒரு வீட்டில். அடுத்த வீட்டில். எல்லா வீட்டிலும்.

அக்காவின் வீட்டில் மட்டும் அந்தச் சத்தம் இல்லை. குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அக்கா! கதவைத் திற. இந்த வீடு வேணாம், வா போயிடலாம்."

"எங்கேடி வரச் சொல்றே? வீட்டுக்கு வர்றவரை விட்டுட்டா?"

அவள் தோளால் கதவை இடித்தாள். தாழ்ப்பாள் தெறித்தது.

கூடத்தின் நடுவில் டைல்ஸ் பெயர்ந்து கிடந்தது. பக்கத்தில் கடப்பாரை. மண் குவியல். அக்கா குழியருகே குப்புறப் படுத்திருந்தாள். வலது கை தோள்வரை மண்ணுக்குள். இடது கையில் குழந்தை.

"மேலேருந்து நானும் தோண்டினேன். கீழேருந்து அவரும்." அக்காவின் கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது. கண்ணில் கோபம் தகதகத்தது. "கையைப் பிடிச்சுட்டாருடி. நீங்க எல்லாம் செத்துட்டாருன்னு சொன்னீங்களே!"

"அது மாமா இல்லக்கா. பதினாலு மாசம்... கையை எடு. குழந்தையை இங்கே கொடு."

"பெத்த புள்ளை முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கலையே அவரு."

இடது கை தாழ்ந்தது. குழந்தையின் கால் குழிக்குள் போனது.

அவள் பாய்ந்து குழந்தையின் இடுப்பைப் பிடித்தாள். இழுத்தாள். வரவில்லை. மறுபடி. வரவில்லை. அழுகை நின்றது. குழந்தை கீழே பார்த்தது. யாரையோ பார்த்துச் சிரித்தது.

அவளும் பார்த்தாள்.

அந்தப் பிஞ்சுக் கணுக்காலைச் சுற்றி ஐந்து கரிய விரல்கள். ஒன்றிலும் நகம் இல்லை. தோண்டித் தோண்டி நுனி தேய்ந்து எலும்பு வெளுத்திருந்தது. அவை மெல்ல, மிக மெல்ல, முழங்காலுக்கு ஏறின.