பூனை உண்டு

“டாக்டர் மாமா, ஈரல் கொடுத்தவங்களுக்கு வந்த காய்ச்சல் எனக்கும் வருமா?”

ஆறு வயதில் வேதநாயகி இப்படிக் கேட்டாள். “வராதும்மா. அவருக்குக் காமாலை இருந்துச்சுன்னு அவர் வீட்டுலயே மறைக்காம சொல்லிட்டாங்க. ஈரலைக் கழுவித்தான் உனக்கு வச்சோம்” என்றார் மருத்துவர். அது எந்த வீடு என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகளாக அந்த முகமறியாத வீட்டுக்காக அவள் தினமும் விளக்கேற்றும்போது ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கிறாள்.

இப்போது அவள் நிலவில், தண்மதி நகர் மருத்துவமனையில், உறுப்புக்கொடை விசாரணை அலுவலர். அவள் மேசைமேல் சலிப்பேழைக்குள் ஒரு சிறுநீரகம் இளஞ்சூட்டில் மிதந்துகொண்டிருந்தது. பதினோராயிரம் வைரஸ்களைச் சலித்தெடுக்கக்கூடிய பேழை அது. ஆனால் நரம்பு நுனிகளில் ஒளிந்துகொள்ளும் சிலவற்றை, எங்கே தேடுவது என்று யாராவது சொன்னால்தான் பிடிக்கும். அதனால்தான் இறந்தவரின் வீட்டாரிடம் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம்.

இறந்தவர் அருளப்பன், சரக்குத்துறைத் தொழிலாளி. ஏணியிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். பதில் சொன்னவர் அவருடைய அண்ணன் தனிஸ்லாஸ்.

“காய்ச்சல் வந்ததுண்டா?”

“இல்ல.”

“குடிப்பழக்கம்?”

“எங்க தம்பியா? தண்ணியவே அளந்துதான் குடிப்பான், மேடம்.”

“சளி, தும்மல்?”

“அவன் தும்மி நான் பார்த்ததே இல்ல.”

பேழையின் திரையில் எழுத்துகள் ஓடின: ‘நரம்புகளில் இனம் தெரியாத நடமாட்டம். பதில்கள் பொருந்தவில்லை. கொடையாளர் மனிதர்தானா என்று உறுதி செய்யவும்.’

வேதநாயகிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருபது ஆண்டுகளில் அவள் விசாரித்த எல்லாரும் இப்படித்தான். உயிரோடிருக்கும்போது ஆயிரம் குறை சொன்ன வாய்கள்கூட இறந்த மறுநிமிடம் அந்த மனிதரைத் தும்மல்கூட வராத புனிதராக்கிவிடும். அவளுக்கே குழப்பம் வந்தது. ஒருவேளை உண்மையிலேயே நோயறியாத மனிதரோ? அப்படியானால் நரம்பில் நடமாடுவது எது? அடுத்த அறையில் இந்தச் சிறுநீரகத்துக்காக இசக்கிமுத்து வாத்தியார் காத்திருக்கிறார். கழுவ எட்டு மணி நேரமாகும். ஒரு மணி நேரத்துக்குள் தொடங்காவிட்டால் சிறுநீரகத்தைத் தூக்கியெறிய வேண்டியதுதான்.

அருளப்பனின் மனைவி ரெஜினா மூலையில் கணவரின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தாள். வலது கைப்பகுதியில் நூல் நூலாகப் பிய்ந்திருந்ததைக் கவனித்த வேதநாயகி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“இது எப்படிம்மா கிழிஞ்சது?”

“ஆணி மாட்டியிருக்கும்க்கா.”

வேதநாயகி சீருடையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினாள். பிறகு தன் ஈரலின் கதையைச் சொன்னாள். “ஒரு வீடு வெக்கப்படாம உண்மையைச் சொன்னதாலதான் நான் இன்னிக்கு உன்கூட உட்கார்ந்து பேசிட்டிருக்கேன்.”

ரெஜினாவின் விரல்கள் நின்றன. கணவரின் அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஊரே அவுகளை நல்ல மனுசன்னு சொல்லிட்டிருக்கு. கொடையாளர் சுவருல பேரு வெட்டப் போறாக. இதை நான் எப்படிக்கா...” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பூனைக்கா. கப்பல்ல ஒளிஞ்சு வந்திருச்சு. ஒன்பதாம் கிடங்குக்குப் பின்னால வச்சு மீன் போடுவாக. போன வாரம் பீப்பாய் இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு இழுத்து விட்டிருக்காக. கையைக் கடிச்சிருச்சு.”

நிலவில் விலங்கு வளர்ப்பது பெருங்குற்றம். தெரிந்தால் சுவரில் பெயர் கிடையாது.

வேதநாயகி பேழையிடம் குனிந்து, “விலங்குக்கடி. பூனை. வலது கை” என்று மட்டும் சொன்னாள். பேழை உடனே தேட ஆரம்பித்தது. எந்தப் பூனை, எங்கே என்று கேட்கும் அறிவை நல்லவேளையாக யாரும் அதற்குக் கொடுத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் வாத்தியாருக்குச் சிறுநீர் நன்றாகப் பிரிந்தது. வார்டு முழுக்க இனிப்பு கொடுத்தார்கள். சுவரில் அருளப்பனின் பெயர் வெட்டப்பட்டது. “ஒரு நாள்கூடத் தும்மாத மனுசன்” என்று தனிஸ்லாஸ் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று பணி முடிந்ததும் வேதநாயகி கையுறை மாட்டிக்கொண்டு ஒன்பதாம் கிடங்குக்குப் பின்னால் போனாள். பீப்பாய் மூடி ஒன்றில் மீனை வைத்தாள். மெலிந்த சாம்பல்நிறப் பூனை இடுக்கிலிருந்து வந்தது. அவள் முகத்தைப் பார்த்தது; வேறு யாரையோ எதிர்பார்த்ததுபோல அவளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தது. பிறகு தின்றது.

திரும்பும் வழியில் வாசல் இயந்திரம் வழக்கம்போலக் கேட்டது: “விலங்குத் தொடர்பு உண்டா?”

“இல்லை.”

யோசிப்பதற்கு முன்பே வந்துவிட்டது அந்தச் சொல். கதவு திறந்தது. “நன்றி. தாங்கள் தூய்மையானவர்” என்றது இயந்திரம். இருபது ஆண்டுகளாக ஊரிடம் உண்மை கேட்டவள், வாசலைத் தாண்டியும் நகராமல் நின்றாள். செய்தது பாவமா, இரக்கமா?

வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். விளக்கேற்றினாள். பிறகு தன்னுடைய உறுப்புக்கொடைப் படிவத்தைத் திறந்தாள். அவள் இறந்த பிறகு மட்டுமே பிறர் படிக்கக்கூடிய படிவம் அது. இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்கும் எப்போதோ ‘இல்லை’ என்று நிரப்பியிருந்தாள். அவற்றில் பலவற்றை நிதானமாக அடித்துத் திருத்தினாள். விலங்குகள் பற்றிய கேள்விக்கு எதிரே ‘பூனை உண்டு. தினமும்’ என்று எழுதி மூடினாள்.

மறுநாள் மீனை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.