ஓயாத ஈஸ்ட்

காலை ஆறேகாலுக்கே ராயப்பன்பட்டிப் பேருந்துப் பணிமனை வாசலில் வரிசை நின்றது. ஒவ்வொருவராக, குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மூச்சுமானியில் ஊதினார்கள். பச்சை எரிந்தால் வேலைக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஓட்டுநர் அருளப்பன் ஊதினான். சிவப்பு.

"என்னண்ணே, அண்ணி ஒயின் போடுறாங்கன்னு காலையிலேயேவா?" என்றான் பின்னால் நின்ற கண்டக்டர். வரிசை சிரித்தது. அருளப்பன் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு தொட்டவனில்லை. கூட வந்திருந்த அவன் மனைவி ஞானசௌந்தரி ஒயின் ஆலையில் வேலை செய்பவள். அவளுக்கு விளங்கிவிட்டது.

கொடியிலேயே சுருங்கவிட்ட திராட்சையின் சாறு தேன் மாதிரி கெட்டி. அந்தச் சர்க்கரையில் சாதாரண ஈஸ்ட் பாதியிலேயே படுத்துவிடும். அது தின்னாமல் விட்ட சர்க்கரைதான் இனிப்பு ஒயினின் இனிப்பு. ஆனால் சில பீப்பாய்களில் அந்த ஈஸ்ட் வேலையைத் தொடங்கவே மறுத்தது. அதனால் ஆய்வுக்கூடத்தில் ஞானசௌந்தரி முரட்டு ஈஸ்ட் ஒன்றை வளர்த்தாள். அது தொடங்கியது. நிறுத்தத்தான் மறுத்தது.

மூன்று வருடத்துக்கு முன் சாக்கடை வழியாக அது வெளியேறியது. காலையில் வைத்த பாயசம் மதியம் கள்ளானது. பிறகு மனிதக் குடலில் குடியேறியது. தின்ற சோறெல்லாம் உள்ளேயே சாராயமானது. மூச்சுமானிகள் வந்தது அதனால்தான். அதை வளர்த்தது யார் என்று ஊருக்குத் தெரியாது. அருளப்பனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. போனில் டாக்டரைப் பிடித்தாள். சாராயம் ரத்தச் சர்க்கரையை இறக்குகிறது, உடனே சர்க்கரை கொடுங்கள் என்றார். அந்தச் சர்க்கரையும் சாராயமாகுமே என்றாள். வேறு வழியில்லையம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"ஒயின்ல இத எப்படி நிறுத்துவீங்க?" என்றான் அருளப்பன்.

"உறையுற அளவுக்குக் குளிர வப்போம். இல்லன்னா பிராந்தி ஊத்துவோம், ஈஸ்ட் செத்துரும். மிச்சச் சர்க்கரை தப்பிச்சுக்கும்."

"எனக்கு எது செய்யப்போற?"

"இது ரெண்டுக்கும் சாகாதுங்க. அப்படித்தான் வளர்த்தேன்."

அவன் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி, கரண்டியை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"எனக்கா ஊட்டுற சௌந்தரி, அதுக்கா?" என்று கேட்டபடியே அவன் வாயைத் திறந்தான்.