ஆள்காட்டி கத்தவில்லை

அகஸ்டினா திரும்பி வந்தபோது ஆள்காட்டிக் குருவி கத்தவில்லை.

சாக்கு மறைப்புக்குள் குந்தியிருந்த அமலநாதன் முதலில் சந்தோஷப்பட்டான். ஊரைவிட்டுப் போன பிரெஞ்சு துரையிடம் வாங்கிய காமிராவோடு, ஐம்பத்தேழாம் வருஷக் கத்திரி வெயிலில், அது அடைகாப்பதைப் படம் பிடிக்க உப்பளத்துக்குத் தெற்கே சேற்று வெளியில் ஒன்பது நாளாகக் கிடக்கிறான். ஆடு மாடு வந்தால் பொறுத்துக்கொள்ளும் அந்தப் பறவை, மனித நிழல் பட்டாலே முட்டைகளை விட்டு எழுந்து அலறும். அதனால்தான் தினமும் தங்கை அகஸ்டினாவும் கூட வந்தாள். இரண்டு பேராக மறைப்புக்குள் போய் ஒருத்தர் வெளியேறினால், எண்ணத் தெரியாத பறவை எல்லோரும் போய்விட்டதாக நம்பி வந்து உட்காரும்.

காலையிலும் அவள் தலைக்குமேல் வட்டமிட்டுத்தான் அலறியது.

"இப்பிடிக் கத்துறவதான் உனக்குப் பொண்டாட்டியா வாய்ப்பா பாரு அண்ணா. ஓடையில கால் கழுவிட்டு வந்துடறேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

இப்போது முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி நடந்து வந்தாள். பறவை கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான்.

அவன் பின்னால் வந்து உட்கார்ந்தாள். வெயிலில் காய்ந்த சணல் நெடியையும் தன் வியர்வையையும் மீறி, வெகுகாலம் யாரும் கிளறாத அடிச்சேற்றின் குளிர்ந்த நாற்றம் மெல்ல மெல்ல மறைப்பை நிறைத்து, அவன் பிடரியில் ஈரமாக ஒட்டியது.

"ஓடையில தண்ணி இருந்துதா?"

"நெறைய."

பறவை பழகிவிட்டதோ? சாக்கை விலக்கி இரண்டு விரல்களை வெளியே நீட்டினான்.

வீறிட்டு எழுந்தது.

பழகவில்லை. அவனுக்குக் கத்துகிறது. அவளுக்குத்தான் கத்தவில்லை.

அப்போது தூரத்தில், ஓடைமேல், இன்னொரு ஆள்காட்டி அலறத் தொடங்கியது. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி. அங்கே ஓர் ஆள் இருக்கிறது. சேற்றில். நகர முடியாத ஆள். இன்னும் உயிர் இருக்கிறது. ஓடினால் இழுத்துப் போட்டுவிடலாம்.

எழப் போனான்.

தோளில் ஒரு கை விழுந்தது. ஈரக் கை.

"எங்க அண்ணா போற? குந்து."

அகஸ்டினாவின் குரலேதான். குளிர் தோளிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது. கால்கள் எழவில்லை. வாய் திறந்தது. குரல் வரவில்லை.

ஓடைமேல் அலறல் தேய்ந்தது. விட்டு விட்டு. பிறகு இல்லை.

பறவை இறங்கி வந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தது.

அமலநாதன் சாக்குக்கு வெளியே கையை நீட்டினான். முழங்கை வரை. வெயிலில் அதை ஆட்டினான். கத்து. கத்திவிடு.

பறவை அந்தக் கையைப் பார்த்தது. கண்ணை மூடித் திறந்தது.