நடுப்பங்கில் யாரும் கூப்பிடுவதில்லை

பைக்கை மோட்டார் கொட்டகையில் சாய்த்துவிட்டுப் பகலவனும் இர்பானும் வரப்பில் இறங்கியபோது, வயலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த சிவசாமி மகனைப் பார்த்துத் தோள் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வீசினார். கூப்பிடவில்லை. மற்ற இடங்களில் பேசினால் ஊருக்கே கேட்கும் மனிதர், நடுப்பங்கு என்கிற இந்த வயலுக்கு வந்தால் மட்டும் துண்டோடு சரி. அவர் என்றில்லை, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து அந்தக் கிராமத்தில் எல்லாருமே அப்படித்தான்.

“என்னடா உங்கப்பா, டிராபிக் போலீஸ் மாதிரி?” என்று சிரித்தான் இர்பான். கூத்தாநல்லூர்க்காரன். வாய் சும்மா இருக்காது.

தை மாதம். கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. குருவி இறங்காமல் இருக்க, வயலின் குறுக்கே குச்சிக்குக் குச்சி பழைய கேசட் ரீலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்று பட்டதும் அது விர்ரென்று அதிர்ந்து கத்தியது. இர்பான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“மச்சான், இதுதான்டா நம்ம சத்தம்.”

தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில், எந்தக் கம்பெனியும் இல்லாமல், இரண்டு பேரும் சொந்தமாகச் செய்துகொண்டிருந்த ராப் ஆல்பத்துக்குப் பெயரே ‘கரகரப்பு’. ஸ்பீக்கர் கிழிந்துபோன மாதிரி ஒரு இரைச்சல், அதையும் மீறி வருகிற பகலவனின் குரல். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். கடைசிப் பாட்டு மட்டும்தான் பாக்கி; அதை வயலில் வைத்துப் பதியத்தான் மைக்கோடு வந்திருந்தார்கள். இந்த ஆல்பத்துக்காகக் கூரியர் வேலையை விட்டிருந்தான் பகலவன். அவனிடம் இருந்த ஒரே சொத்து அந்தத் தொண்டைதான்.

“வேற எங்க வேணா நின்னு கத்துங்க தம்பி,” என்றார் சிவசாமி, பக்கத்தில் வந்த பிறகு, மெதுவாக. “இதுல மட்டும் வேணாம்.”

“ஏம்ப்பா?”

“சொன்னா கேளு.”

அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவர அவர் டவுனுக்குக் கிளம்பிவிட்டார். காரணம் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானோ என்னவோ.

ரீலின் சத்தத்தை முதலில் பதிந்துகொண்டார்கள். அடுத்து குரல் தனியாக வேண்டும், இரண்டையும் அறைக்குப் போய்க் கலந்துகொள்ளலாம் என்றான் இர்பான். ரீலைக் குச்சிகளிலிருந்து அவிழ்த்துச் சுருட்டினான்.

தவளைகூட அடங்கிப்போனது.

மேற்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பகலவன் வயல் நடுவே போய் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

“வயலுக்கு நீயும் வரப்பு போட்ட,
என் வாய்க்கு எவன்டா வரப்பு போட்டான்!”

ஈரச் சேறும் வெற்றிலை எச்சிலும் கலந்த மாதிரி ஒரு வாடை அவன் மூக்கில் ஏறியது. ஹெட்போன் மாட்டியிருந்த இர்பானின் முகம் வெளிறியது.

“மச்சான்... உன் பின்னாடி யாரு?”

யாரும் இல்லை.

பதிந்ததைப் போட்டுக் கேட்டார்கள். பகலவனின் குரல் முடிகிற இடத்தில் இன்னொரு குரல் தொடங்கியது. பெண்குரல். தொண்டை புண்ணாகிப்போன குரல். கம்ப்யூட்டரில் எவ்வளவு திருகினாலும் இர்பானுக்கு வராத கரகரப்பு அதில் இருந்தது.

“ஓ... ஹோய்... ஓ... ஹோய்...”

குருவி விரட்டுகிற சத்தம்.

அப்புறம், மைக்குக்கு மிக அருகில்:

“பாத்துக்க தம்பி. நான் வர்றேன்.”

பகலவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

திரும்பி வந்த சிவசாமி, சுருட்டிக் கிடந்த ரீலைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். இருவரையும் வீட்டுக்கு இழுத்துவந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார். பண்ணைக் காலத்தில் காத்தாயி என்று ஒருத்தியை நடுப்பங்கில் குருவி விரட்ட வைத்திருந்தார்களாம். சத்தம் நின்றால் பண்ணையின் காரியக்காரன் சாட்டையோடு வந்துவிடுவான். காய்ச்சலோடு கத்தினாள். தொண்டையில் ரத்தம் வந்தும் கத்தினாள். வரப்பில் உட்கார்ந்தபடியே செத்துப்போனாள். அதற்குப் பிறகும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

“ரீலு கத்திக்கிட்டு இருந்தா, வேலை நடக்குதுன்னு அவ அடங்கிக் கெடப்பா. அதை அவுத்துட்டு நீ போய்க் கத்துன. ஆளை மாத்திவிட்டுட்டுப் போயிட்டா.”

அம்மா நாகம்மாள் மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தாள். மகனின் தொண்டையைத் தடவித் தடவி அழுதாள். “ஒரே ஒரு தடவை அம்மான்னு கூப்பிடுடா,” என்று கெஞ்சினாள். அதைக் கேட்கத்தான் அவனுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலையிலேயே ரீலைத் திரும்பக் கட்டினார்கள். காற்று அடித்தது. ரீல் ஆடியது.

சத்தம் வரவில்லை.

தஞ்சாவூரில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அறைக்கு வந்து, முடித்து வைத்திருந்த பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டான் இர்பான். இரைச்சல் அப்படியே இருந்தது. பகலவனின் குரல் ஒரு பாட்டிலும் இல்லை.

பொழுது சாயும் நேரம் சிவசாமியிடமிருந்து போன் வந்தது. இர்பான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“பகலவன் அங்கதானே இருக்கான்?” கிசுகிசுப்பாகக் கேட்டார்.

“இங்கதான் இருக்கான்ப்பா. ஏன்?”

அவர் குரல் இன்னும் தணிந்தது.

“நடுப்பங்குல அவன் குரல் கேக்குது. குருவி வெரட்டுது. புள்ளை வந்துட்டான், குரலும் வந்துடுச்சுன்னு அவங்கம்மா வயல்ல எறங்கிட்டா. துண்டை வீசுறேன் வீசுறேன், திரும்பிப் பாக்க மாட்டேங்குறா...”

ஒரு குரல் கொடுத்தால் நின்றுவிடுவாள். அங்கே நின்று அவர் கொடுக்கக் கூடாது. இங்கே இருப்பவனால் கொடுக்க முடியாது. பகலவன் போனை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு வாயைப் பிளந்தான். காற்று, வெறும் காற்று.

தூரத்தில் அவனுடைய சொந்தக் குரல் கேட்டது. கரகரத்து, ஓய்ந்துபோய்.

“ஓ... ஹோய்...”

அதற்குப் பதில் சொல்வதுபோல நாகம்மாளின் குரல், சந்தோஷம் தாங்காமல், ஊருக்கே கேட்கிற மாதிரி:

“பகலவா...!”

எல்லாச் சத்தமும் நின்றது.

“பாத்துக்கம்மா,” என்றது அவன் குரல், போனுக்கு மிக அருகில். “நான் வர்றேன்.”

பகலவனின் தொண்டையில் ஏதோ முடிச்சு அவிழ்ந்தது.

“அம்மா!”

கணீரென்று வந்தது, பழைய குரல். அறையே அதிர்ந்தது.

போனில் குருவிகள் கூட்டமாக எழும்பிப் பறக்கிற சத்தம் கேட்டது. அதற்கும் மேலே, அம்மாவின் குரலில்:

“ஓ... ஹோய்...”