பின்பலகை இல்லாத கூண்டு

மழை பிடித்து இரண்டு மணி நேரமாகியும் முயல்கள் நான்கும் கூண்டின் முன்பக்கக் கம்பிவலையோடு ஒட்டிக்கொண்டு தெப்பமாக நனைந்துகொண்டிருந்தன. பின்னால், வீட்டுச் சுவரை ஒட்டி, காய்ந்த வைக்கோல் மெத்தென்று கிடந்தது. மேலே தகரம். ஒரு சொட்டு ஒழுகாது; கூண்டைக் கட்டிய பூட்டுக்காரரே மூன்று வாளித் தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தவர். இருந்தும் அந்த நாலு மண்டுகளும் வைக்கோல் பக்கம் திரும்பக்கூட இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தவர், “மெனக்கெட்டு வீடு கட்டிக் கொடுத்தா வாசல்ல நின்னு நனையுதுங்க” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கூண்டால் வீடு அமர்க்களப்பட்டது. மகள் ஆணி எடுத்துக் கொடுத்தாள், மனைவி வலையை இழுத்துப் பிடித்தாள், அவர் அடித்தார். கால், சட்டம், கூரை எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிட்டன. கதவுக்கு மட்டும் அரை நாள். ஊரில் பாதி வீடுகளுக்குப் பூட்டு மாட்டியவர் அல்லவா, திருடனானாலும் பூனையானாலும் கதவு வழியாகத்தான் வரும் என்பது அவர் முடிவு. தடித்த பித்தளைப் பூட்டு, அதற்கு ஒரே சாவி. அதைக் கயிற்றில் கோத்து மகள் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யார் கேட்டாலும் தர மாட்டேன் என்று குதித்தாள்.

“பின்னாடி பலகை எங்கங்க?” என்றாள் மனைவி.

“சுவர் இருக்குல்ல? அதை விடப் பெரிய பலகை எது? ரெண்டு பலகை மிச்சம்.”

“மிச்சம் பிடிக்கிறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்ல” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மூவரும் சிரித்தார்கள்.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் மகளின் அறை. அதே சுவரை ஒட்டித்தான் அவள் கட்டில். ராத்திரி சாப்பிட்டதும் அப்பாவும் மகளும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து கடை விளையாட்டு விளையாடுவார்கள். சாவியைக் கொடுப்பதற்கு அவர் கடையில் ஒரு முறை உண்டு. பல் பக்கம் நம் கையில், தலைப் பக்கம் வாங்குகிறவர் கையில். “பல்லைக் காட்டிச் சாவி கொடுக்கக் கூடாது” என்பார். ஏழு வயசுக்காரி அதை அச்சுப் பிசகாமல் செய்வாள். சாவியைத் திருப்பி நீட்டி, குரலை இழுத்து, “இந்தாங்க” என்பாள். ஒரு ராத்திரிக்கு இருபது முப்பது தடவை அந்த “இந்தாங்க” கேட்கும்.

புதன்கிழமை காலை மூன்று முயல்தான் இருந்தது. பூட்டு பூட்டியபடி. வலையில் ஒரு கம்பிகூட விலகவில்லை. ரத்தம் இல்லை, பிய்ந்த முடி இல்லை. சுவரோரம் வைக்கோல் மட்டும் வட்டமாக அமுங்கியிருந்தது, யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி. மகளிடம் சாவி வாங்கிப் பூட்டைத் திறந்து வைக்கோலில் கை வைத்தார். கதகதப்பாக இருந்தது. முயல் படுத்த சூடு என்று நினைத்துக்கொண்டார். மூன்று முயல்களும் முன்னால் ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படாமல் இல்லை. அதைப் பற்றி நினைக்க அவர் விரும்பவில்லை.

அன்றைக்கே கூண்டைச் சுற்றி இரும்புப் பட்டை அடித்தார். கதவுக்கு இரண்டாவது கீல், மூன்றாவது கீல். கடைக்குப் போகாமல் சாயங்காலம் வரை தட்டிக்கொண்டே இருந்தார்.

“ஏங்க, இவ கட்டில் ஓரத்துலயே படுக்கிறா. விழுந்துடப் போறான்னு உள்ள தள்ளிவிட்டா, தூக்கத்துலயே மறுபடி ஓரத்துக்கு வந்துடறா” என்றாள் மனைவி.

ஆணியைக் கடித்திருந்த வாயோடு அவர் மகளைப் பார்த்தார். “ஏண்டா குட்டி?”

“சுவர் மூச்சு விடுதுப்பா.”

“மழை ஈரம்டா. சுவரெல்லாம் அப்படித்தான் இருக்கும்” என்று சிரித்தார். தான் பயப்படுவதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. பெண்டாட்டி முன்னால், அதுவும் முயல் விஷயத்துக்கு! அன்றைக்கே கட்டிலை இழுத்துக் கூடத்தில் போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. இன்னும் நாலு ஆணி அடித்தார்.

வியாழக்கிழமை இரண்டு. வெள்ளிக்கிழமை ஒன்று. மிஞ்சியது கொழுத்த சாம்பல் நிற முயல். தொப்பையைப் பார்த்து அதற்கு மேனேஜர் என்று மகள் பெயர் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. கஷாயம் மாதிரி ஏதோ கொடுத்துப் படுக்க வைத்தார். தூங்கினாள். கட்டிலின் வெளி ஓரத்தில், ஒரு கை கீழே தொங்க, சுவருக்கு முதுகைக் கூடக் காட்டாமல் அதையே பார்த்தபடி ஒருக்களித்து. கழுத்தில் சாவி.

போதும், வெட்கமாவது மண்ணாவது என்று தோன்றியது. கூண்டுக்குப் பின்பலகை அடித்துவிட்டு, அப்படியே கட்டிலையும் வெளியே இழுத்துவிடுவது என்று முடிவு செய்து, வாசல் கதவை வெளியே பூட்டிக்கொண்டு, மிச்சம் பிடித்த அந்த இரண்டு பலகைகளையும் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். மழை ஓய்ந்து, தகர விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. ஈரம் ஏறிய வைக்கோலின் புளித்த வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, வெகுநாள் திறக்காத பெட்டியைத் திறந்தால் வருமே, அது. மேனேஜர் வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றது. கண் இமைக்கவில்லை. அவரைப் பார்க்கிற மாதிரியும் இல்லை. காதுகள் இரண்டும் பின்னால், சுவர் பக்கம் திரும்பியிருந்தன.

பலகையைக் கீழே வைக்கக் குனிந்தார்.

நிமிர்ந்தார்.

முயல் இல்லை.

சத்தம் வரவில்லை. கதவு அசையவில்லை. பூட்டு ஆடக்கூட இல்லை. சுவரோரத்தில் அமுங்கியிருந்த வைக்கோல் மட்டும் மெல்ல, மெல்ல, மேலே எழும்பிக்கொண்டிருந்தது, மேலே இருந்த பாரம் அப்போதுதான் நகர்ந்துபோன மாதிரி.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் கட்டில்.

அவர் ஓடினார். பூட்டு மாட்டியே தலை நரைத்த மனுஷனுக்குத் தன் வாசல் பூட்டில் சாவி நுழையவில்லை. சாவியைத் திருப்பிப் பிடித்தார். நுழைந்தது. திறந்தது. கூடம். அறை.

கட்டில் காலி.

ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. கட்டிலுக்கு அடியில் இல்லை. அலமாரியில் இல்லை. “குட்டி! குட்டி!” சுவரில் விரிசல் இல்லை, துளை இல்லை, சுண்ணாம்பு கூட உதிரவில்லை. தலையணையில் இரண்டு வைக்கோல் துரும்பு. சுவரில் உள்ளங்கையை வைத்தார். கதகதப்பு. கைக்கு அடியில் சுவர் மூச்சு மாதிரி உள்ளே போய், வெளியே வந்து, உள்ளே போய்.

“அப்பா.”

சுவருக்கு அந்தப் பக்கம்.

எப்படித் திரும்பி வந்தார் என்று தெரியவில்லை. கூண்டுக்குள், முன்வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு மகள். கன்னத்தில் கம்பியின் கட்டங்கள் பதிந்திருந்தன. அவளுக்குப் பின்னால் இருட்டு. இரண்டடிக் கூண்டுக்கு அது அதிகமான இருட்டு.

வலையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பட்டையை இழுத்தார். அவர் அடித்த ஆணி, அவர் அடித்த பட்டை. விரல் கிழிந்தது. சுத்தியலைத் தேடினார். அது உள்ளே, கூடத்தில்; பலகையோடு எடுத்துவர மறந்திருந்தார். அவளை விட்டு ஓரடி நகர அவரால் முடியவில்லை.

“கண்ணு, சாவி. கழுத்துல இருக்கு பாரு. குடும்மா.”

அவள் அசையவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம்.

“அப்பா இருக்கேன்ல. பயப்படாத. குடு, திறந்துடறேன்.”

மறுபடியும் தலையாட்டினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பின்னால் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

அவள் காதருகில், ஒரு கட்டத்தின் வழியாகச் சாவி வெளியே வந்தது. கயிறு அறுந்து தொங்கியது. நிதானமாக, மரியாதையாக, தலைப் பக்கம் அவரை நோக்கி. பழக்கதோஷம், அவர் கை தானாக நீண்டு அதைப் பிடித்துவிட்டது. மறுமுனையைப் பிடித்திருந்தது இன்னும் விடவில்லை.

அப்போதுதான் பார்த்தார். மகளின் பத்து விரல்களும் வலையைப் பற்றியிருந்தன.

“இந்தாங்க” என்று இழுத்தது அவள் குரல். அவள் வாய் மூடியிருந்தது.