கச்சான் காற்றில் ஒரு குட்டிக்கரணம்

கொஸ்லந்தைக்கு முந்திய வளைவில், மழைத் தூறலுக்குள் ஒரு ஆள் கையைக் காட்டினான். அவன் காலடியில் ஆள் நீளத்துக்கு ஒரு கறுப்புப் பை கிடந்தது.

சுதர்ஷினி பிரேக்கை அழுத்தினாள். அழுத்திய பிறகுதான், ஏன் நிறுத்தினோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. வெலிமடையிலிருந்து வெல்லவாயச் சந்தைக்கு லீக்ஸும் கரட்டும் ஏற்றிப் போகிற லொறி இது. ஆள் ஏற்றுகிற பஸ்ஸா? அதுவும் இப்படி ஒரு பையோடு நிற்கிற ஆளை...

உள்ளே என்ன இருக்கும்? புதையல் தோண்டுகிற சாமானா? இல்லை... ஐயோ, ஆளேதானா?

கண்ணாடியைப் பாதிதான் இறக்கினாள்.

"அக்கா, த்ரீவீல் நின்னுபோச்சு. வெல்லவாயப் பக்கமா போறீங்க?"

காதோரம் நரைத்திருந்தது. ஐம்பதைத் தொட்டிருப்பான். நாற்பத்திரண்டு வயதுக்காரியைப் பார்த்து அக்காவாம்!

"நான் உங்களுக்கு அக்காவா?"

"சரி... தங்கச்சி?"

"அதுவும் வேணாம். பைக்குள்ள என்ன?"

"பாய்ங்க."

"பாயா? படுக்குறதுக்கா?"

"இல்லீங்க... தண்ணியில போறதுக்கு."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிறவன் கண்ணைச் சிமிட்டுவான் என்பது சந்தையில் அவள் கற்றது. இவன் இமையில் மழைத்துளி தொங்கியது. அப்போதும் சிமிட்டவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"தொறந்து காட்டுங்க."

அந்த மழையிலேயே அவன் குந்தி உட்கார்ந்து பையைத் திறந்தான். இரண்டு நீளக் குழாய்கள், வளைந்த பிடி ஒன்று, சுருட்டி வைத்த சிவப்புத் துணி.

"பாய்மரக் கப்பல் பாத்திருப்பீங்களே, அது மாதிரிதான். ஒரு பலகை, ஒரு பாய், மேல ஒரு ஆளு. அவ்வளவுதான் கப்பல்."

"வெல்லவாயில எப்பங்க கடல் வந்துச்சு?"

"கொளம் இருக்கே! பலகையும் அங்கதான் கெடக்கு. ஆடி மாசம் கச்சான் காத்து மலையிலருந்து எறங்கி அங்கதான் ஆட்டம் போடும்."

சொல்லும்போது அவன் கண்கள் மின்னின... புதுப் பட்டம் கிடைத்த பையனைப் போல. சுதர்ஷினி கதவைத் திறந்துவிட்டாள். ஆனால் இருக்கைக்கு அடியில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் மெல்லக் கேட்டான். "லொறியில ஏதும் கோளாறுங்களா டிரைவரம்மா?"

"லொறி நல்லாத்தான் இருக்கு."

அவன் ஸ்பேனரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்கச் சிரித்தான்.

பெயர் புவனேந்திரன் என்றான். மாலைதீவில் ஒரு ஹோட்டலில் பல வருடம், வெள்ளைக்காரர்களுக்குப் பாய் கட்டிக் கொடுத்து, பலகையில் நிற்கப் பழக்கிவிடுகிற வேலையாம். இப்போது ஊரோடு வந்துவிட்டானாம். சுதர்ஷினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எதையும் நம்பவில்லை.

அவள் பிறவியிலேயே அப்படி இல்லை. இருபத்தாறு வயதில், கல்யாணப் பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகு, மாப்பிள்ளைக்குக் கொழும்பில் பெண்டாட்டியும் பிள்ளையும் இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து மனத்தராசில் நிறுத்துப் பார்க்காமல் அவள் எந்த மனிதரையும் நம்புவதில்லை.

அடுத்த ஞாயிறும் அதே வளைவில் அவன் நின்றான். "த்ரீவீல் இன்னும் சரியாகலீங்க..." என்று தலையைச் சொறிந்தான். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதை. ஏற்றிக்கொண்டாள். ஸ்பேனர் மட்டும் எப்போதோ இருக்கைக்கு அடியில் போய்விட்டது.

"கோவம் வந்தா உங்க மூக்கு கரட் நெறத்துக்கு மாறுது டிரைவரம்மா."

"வாய மூடிக்கிட்டு வாறதுன்னா வாங்க. இல்லாட்டி லீக்ஸ் மூட்டை மேல ஏறிக்கங்க."

"அங்க மழை பெய்யுதே..."

"தண்ணியிலதானே கப்பல் ஓட்டுறீங்க? நனைஞ்சா என்ன?"

சிரிப்பாகத்தான் போனது. ஆனால் அவள் கண் சும்மா இருக்குமா? ஒரு வாரம் அவன் கன்னம் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. இன்னொரு வாரம் லொறியில் ஏறும்போது விலாவைப் பிடித்துக்கொண்டு முனகினான். கேட்டால், "விழுந்துட்டேங்க" என்பான். பாய் கட்டி ஊருக்கே பழக்கினவன் வாராவாரம் விழுவானா? குடியா? அடிதடியா?

பிறகு அந்த போன். லொறியின் முன்தட்டில் அவன் வைத்திருந்த போன் அதிர்ந்தது. 'நிரா' என்று பெயர் எரிந்தது. அவன் எடுத்து, குரலைத் தாழ்த்தி, "வந்துருவேம்மா... நீ பயப்படாத... சாப்ட்டியா?" என்றான்.

அந்தக் குரலில் இருந்த கனிவு... சுதர்ஷினி கியரை வெடுக்கென்று மாற்றினாள். பதினாறு வருடத்துக்கு முன்னால் அவள் ஏமாந்ததும் இப்படி ஒரு குரலில்தான்.

கொஸ்லந்தைச் சந்தியில் ஷுக்ரியின் பலசரக்குக் கடை. அவள் வழக்கமாகக் கிழங்கு இறக்குகிற இடம். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள். அடுத்த முறை போனபோது பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"நானா, புவனேந்திரன்னு ஒருத்தர்... ஆளு எப்படி?"

"அமைதியான மனுசன் தங்கச்சி. வாரத்துக்கு ஒரு போத்தல் தைலம் வாங்குவாரு. எதுக்குன்னு தெரியாது. மாலைதீவுல குடும்பம் இருக்குன்னு சில பேர் சொல்றாங்க, அதும் தெரியாது." ஷுக்ரி ஒரு கணம் யோசித்தார். "ஆனா நேத்துகூட தன்னோட த்ரீவீல்லதான் வந்து சாமான் வாங்கிட்டுப் போனாரு."

"த்ரீவீல் ஓடுதா?"

"அது சரியாகி ரெண்டு மூணு வாரமாச்சே!"

அவளுக்கு முகம் சுட்டது. வண்டி ஓடுகிறது. அப்புறம் எதற்கு அந்த வளைவில் நின்று கை காட்டுகிறான்?

அந்த ஞாயிறு அவன் ஏறியபோது சிரிக்கவில்லை. லொறி இரண்டு வளைவு திரும்பியது.

"ஷுக்ரி நானா சொன்னாரு," என்றான் கடைசியில். "என்னப் பத்தி விசாரிச்சீங்களாம்."

அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். "கேட்டேன். தப்பா? வாராவாரம் காயத்தோட வாறீங்க. நிரான்னு ஒரு பொம்பள போன் பேசுறா..."

"நிரா என் பொண்ணுங்க." அவன் குரல் உயரவில்லை. "நிரஞ்சலா. பதுளையில நர்சிங் படிக்கிறா. மீரியபெத்தயில மண்ணு சரிஞ்ச அன்னிக்கு ஸ்கூலுக்குப் போயிருந்ததால அவ பொழச்சா. அவளோட அம்மாதான் வீட்டுல இருந்தா... நான் மாலைதீவுல இருந்தேன்." ஜன்னலில் படிந்த ஆவியைத் துடைத்தான். "இன்னும் என்ன தெரியணும்? ஊரைக் கேக்காம என்கிட்டயே கேளுங்க."

'மன்னிச்சிருங்க' என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. அங்கேயே சிக்கிக்கொண்டது. வந்ததோ வேறு.

"த்ரீவீல் சரியாகிட்டதா சொன்னாரே..."

அவன் அவளை நேராகப் பார்த்தான். "அது ஒண்ணுதாங்க நான் மறைச்சது. நிறுத்துங்க, எறங்கிக்கிறேன்."

அந்தக் கறுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தூறலுக்குள் நடந்து போனான். சுதர்ஷினி கண்ணாடியில் பார்த்தபடி இருந்தாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன?

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அந்த வளைவு வெறிச்சென்று கிடந்தது. அவள் அங்கே வந்ததும் வேகத்தைக் குறைப்பாள். யாரும் இல்லை என்று தெரிந்தும் குறைப்பாள்.

வீட்டில் அவள் அண்ணன் முருகையாவுக்குத் திருப்தி. "நல்லதாப் போச்சு. ஆளு ஒழுங்கானவனா இருந்தா ஏன் பாதியில எறங்கிப் போறான்?"

சோற்றுத் தட்டிலிருந்து அவள் தலையைத் தூக்கினாள். "ஒழுங்கானவரா இருந்ததாலதாண்ணே எறங்கிப் போனாரு."

முருகையா கையில் எடுத்த சோற்றோடு அவளைப் பார்த்தான். சொன்ன அவளுக்கே அது புதிதாக இருந்தது.

அந்த வாரம் சந்தையில் சரக்கை இறக்கியதும் அவள் வெலிமடைப் பக்கம் திரும்பவில்லை. வெல்லவாயைத் தாண்டி, குளத்துக்குப் போகிற செம்மண் பாதையில் லொறியை விட்டாள். மன்னிப்புக் கேட்கவா? இல்லை, அவன் சொன்னதெல்லாம் நிஜம்தானா என்று பார்க்கவா? அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

குளம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. மலையிலிருந்து இறங்கிய காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. கரையில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. தூரத்தில், நீருக்கு நடுவே, ஒரு சிவப்புப் பாய் சாய்ந்து பறந்து வந்தது... அதன் அடியில் அவன்!

எவ்வளவு அழகாகப் போகிறான்! பலகை தண்ணீரைத் தொடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

திடீரென்று பலகை மேலே துள்ளியது. அவன் தலை கீழே போனது. பாய் முரட்டுத்தனமாக ஒரு சுற்றுச் சுற்றி, அவன் மேலேயே 'படார்' என்று விழுந்தது.

பாய் மிதந்தது. பலகை மிதந்தது. அவன் தலையைக் காணோம்.

"என்னங்க!" என்று கத்தினாள். காற்று அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது. இன்னும் தலை வரவில்லை. அவள் செருப்போடு தண்ணீருக்குள் ஓடினாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு... காலடியில் சேறு வழுக்கியது. வாய்க்குள் தண்ணீர் போனது.

ஒரு கை அவள் தோளைப் பிடித்துத் தூக்கியது.

"நீங்க எதுக்குங்க எறங்கினீங்க? நீச்சல் தெரியுமா?"

"தெ... தெரியாது..."

"அப்பறம்?"

"எனக்கென்ன தெரியும்! காலு தானாப் போச்சு!" என்று இருமிக்கொண்டே அவன் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். "சாகத்தான் வாராவாரம் வாறீங்களா இங்க?"

"சாகவா? மிதக்குற சட்டை போட்டிருக்கேன், பாருங்க. பாய்க்கு அடியில மூச்சு வாங்கிட்டு இருந்தேன்." அவன் அவளைக் கரைக்கு இழுத்து வந்து உட்கார வைத்தான். புருவத்துக்கு மேல் புதிதாக ஒரு கீறல். "குட்டிக்கரணம் பழகுறேங்க."

"என்னது?"

"காத்துல எழும்பி, பலகையோட பாயோட ஒரு முழுச் சுத்து சுத்தி, திரும்ப நின்னுகிட்டே எறங்கணும். லூப்னு சொல்லுவாங்க. மாலைதீவுல இருவது வயசுப் பசங்கதான் செய்வாங்க. நான் பாய் மட்டும்தான் கட்டிக் குடுத்தேன். பயம்." அவன் நனைந்த கைகளைப் பார்த்தான். "மேல போனதும் கை தானா விட்டுரும். விட்டா பாய் முகத்துல அடிக்கும். விடாமப் பிடிச்சு, பாய உள்ளுக்கு இழுத்து, பின்னால திரும்பிப் பாக்கணும். அதான் வர மாட்டேங்குது."

"இந்த வயசுல எதுக்கு இது?"

அவன் மலைப் பக்கம் பார்த்தான். மேலே ஹப்புத்தளைத் தொடர் நீலமாக மங்கியிருந்தது.

"நிரா அம்மா போனதுக்கப்பறம் எனக்கு எல்லாமே பயம். மழைச் சத்தம் கேட்டா பயம். சரிவப் பாத்தா பயம். பொண்ணு போன எடுக்கலேன்னா பயம். அதெல்லாம் தானா வந்து ஒட்டிக்கிட்டது. இது நானாத் தேடிப் போன பயம்... இதையாச்சும் ஜெயிக்கலாம்னுதான். சொன்னா சிரிப்பாங்கன்னு யாருக்கும் சொல்லல."

சுதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த முறை அந்தச் சொல் சிக்கவில்லை.

"மன்னிச்சிருங்க. நான் ஒரு தடவை நல்லா ஏமாந்தவ. அப்பறம் யார் எது சொன்னாலும்..."

"கேட்டது தப்பில்லீங்க. என்னை விட்டுட்டு ஊரைக் கேட்டதுதான் வலிச்சுச்சு." அவன் நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினான். "அந்த த்ரீவீல் விசயம்..."

"ம்?"

"ரெண்டாவது வாரமே ஓட ஆரம்பிச்சிருச்சு. ஆனா அதுல தனியாத்தானே வரணும்..."

கன்னம் சூடாவதை அவள் உணர்ந்தாள். மூக்கும் கரட் நிறத்துக்கு மாறியிருக்க வேண்டும். அவன் அதைப் பார்த்துவிட்டான் என்பது அவன் சிரிப்பில் தெரிந்தது. காற்று மறுபடி சீறியது. நீர்ப்பரப்பில் ஒரு கரும்பட்டை நடுங்கியபடி அவர்களை நோக்கி ஓடி வந்தது.

"நல்ல காத்து," என்று எழுந்தான். "இந்த மாசத்தோட இதும் நின்னுரும். இன்னும் ஒரே ஒரு தடவை... உங்களுக்குப் பயமா இருந்தா போவல."

"போங்க," என்றாள்.

சிவப்புப் பாய் எழுந்தது. விலகியது. திரும்பியது. வேகம் பிடித்து வந்தது. பலகையின் முனை ஒரு சிற்றலையில் ஏறி மேலே கிளம்பியபோது... சுதர்ஷினி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

'படார்' என்று கேட்கப் போகிறது. இதோ கேட்கப் போகிறது...

கேட்கவில்லை. தண்ணீரை வெட்டிக்கொண்டு ஓடுகிற சீறல் மட்டும்தான். அப்புறம் ஒரு கூச்சல். ஐம்பது வயது மனிதன் போடுகிற கூச்சலா அது! கண்ணைத் திறந்தாள். அவன் பலகையைக் கரையோரத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் விழுந்தடித்து ஓடி வந்தான்.

"பாத்தீங்களா? சுத்துனேன்! முழுசா சுத்தி நின்னேன்! பாத்தீங்கதானே?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். கரையில் இரண்டு கொக்குகள். வேறு ஒரு மனுசப் பிறவி இல்லை.

"பாக்கலீங்க... கண்ண மூடிக்கிட்டேன்."

அவன் முகம் விழுந்தது. "ஐயோ... அப்ப யாருமே பாக்கலையா?"

அவள் எழுந்து, ஈரம் சொட்ட அவன் முன்னால் போய் நின்றாள்.

"நான் பாக்கல. ஆனா நீங்க சுத்துனீங்க."

"எப்படித் தெரியும்?"

"நீங்க சொன்னீங்களே." அவன் கண்களை விட்டுத் தன் கண்களை எடுக்காமல் சொல்லி முடித்தாள். "பதினாறு வருசமா கண்ணால பாக்காத எதையும் நான் நம்பினதில்லீங்க. உங்கள நம்புறேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு."