பாதி இடித்த வீட்டில் ஒரு பிணம்!

"ஐயய்யோ... விழுந்துட்டான்!"

மாடியிலிருந்து அலறல்!

டிரைவரம்மா டீ டம்ளரைப் போட்டுவிட்டுப் படிகளில் தாவினாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வேலை பார்க்கும் இடத்தில் ஒட்டிய பெயர், வீடு வரைக்கும் வந்துவிட்டது.

குளியலறை முழுக்க சிமென்ட் புழுதி. சரிந்த சாரம். அதனடியில் குப்புறக் கிடந்தான், காலையில் வேலைக்கு வந்த புது ஆள். தலையைச் சுற்றிச் சிவப்பாக...

"மூச்சு இல்லம்மா... போயிட்டான்!" என்றான் கான்ட்ராக்டர்.

குனிந்தாள்.

"தொடாதீங்க! கைரேகை விழுந்துடும்!"

"ஆம்புலன்சைக் கூப்பிடறேன்..."

அவளுடைய போனைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"கூடவே போலீசும் வரும். வீட்டை சீல் வெப்பாங்க. வேலை நிக்கும். வேலை நின்னா பேங்க்ல மிச்ச லோனைத் தருவாங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

பாழடைந்த வீடு. வாங்குவதற்கும் பழுது பார்ப்பதற்கும் சேர்த்து ஒரே கடன். வாங்கும் பணத்தை வங்கி உடனே தந்தது. பழுது பார்க்கும் பணம் மட்டும், வேலை முடிய முடியத்தான். இப்போது பாதி வீட்டை இடித்தாயிற்று. வேலை நின்றால் குடியிருக்க முடியாது...

தவணை மட்டும் நிற்காது!

"உங்க அத்தானைக் கூப்பிடறேன். பெரியவர் பாத்துக்குவார்."

கூப்பிட்டான்.

அக்கா புருஷன் உடனே வந்து நின்றார். பிணத்தைப் பார்த்து ஒரு 'ச்சு' கொட்டினார்.

"அன்னைக்கே சொன்னேன். இடிஞ்ச வீட்டை வாங்கி, அதுக்குக் கடன் வாங்கிப் பூசி... ஒத்தைப் பொம்பளையால ஆகுற காரியமா? சரி, விடு. வீட்டை என் பேருக்கு மாத்திடு. லோன், போலீஸ், பொணம்... எல்லாம் என் தலைவலி."

"நான் கையிலேருந்து போட்ட பணம் அத்தான்?"

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்க."

அவள் கீழே கிடந்தவனைப் பார்த்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"இவன் வீட்ல யார் இருக்கா?"

கான்ட்ராக்டர் விழித்தான். "யாருக்குத் தெரியும்... ஊர் பேர் தெரியாத ஆளும்மா."

"அதனால கேக்க நாதியில்லைன்னு அமுக்கிடலாமா?"

"ஏய், புரியாம பேசாத..." என்றார் அத்தான்.

"நல்லாப் புரியுது! ஒரு மனுஷன் செத்துக் கிடக்கான். அதை மறைச்சுட்டு, இதே ரூம்ல டைல்ஸ் ஒட்டி நான் குளிக்கணுமா? வீடு போனா போகட்டும். தவணையை ஆயுசுக்கும் கட்டறேன். ஜெயில்னா ஜெயில்! உங்க பேருக்கு ஒரு செங்கல்கூட மாறாது அத்தான்!"

கான்ட்ராக்டர் வாசலை மறித்தான். கையில் சுத்தியல்!

"போனைக் குடுங்க."

"முடியாது!"

"அப்போ அடிங்க. ரெண்டு பொணமாயிடும். ரெண்டையும் எங்கே ஒளிப்பீங்க?"

சுத்தியல் தாழ்ந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து போனை உருவி, எண்களைத் தட்டினாள்.

"போலீஸா சார்? என் வீட்ல ஒரு சாவு... ஆமா, பொணம் இங்கதான் இருக்கு... முகவரி சொல்றேன், எழுதிக்கங்க..."

சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க சார். அறுத்துப் பாக்கணும்னாலும் பாருங்க!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

"அக்கா... வேணாங்க்கா! பொணமாக் கிடக்கத்தான் கூலி பேசினாங்க... அறுக்கறதுக்குப் பேசலக்கா!"

டிரைவரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கணம்தான்.

"பேசினது யாரு?"

சாயம் சொட்டும் விரல் எழுந்தது. கான்ட்ராக்டரைத் தாண்டிப் போனது. நின்ற இடம்...

அத்தான்!

"இந்த வீட்டை நானே வாங்க, விலை இறங்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்..." என்றார் அவர். "இடிஞ்ச வீட்டை எவன் வாங்குவான்னு இருந்துட்டேன். நீ என்னடான்னா ரிப்பேருக்கும் சேர்த்து லோன் போட்டு முந்திக்கிட்ட..."

"அக்காவுக்குத் தெரியுமா?"

அத்தானின் முகத்தில் ரத்தமே இல்லை.

போனில் போலீஸ்காரர் கத்திக்கொண்டிருந்தார். "ஹலோ! என்னம்மா நடக்குது அங்க? பொணம் இருக்கா, இல்லையா?"

"அது எழுந்திரிச்சிடுச்சு சார்," என்றாள் டிரைவரம்மா. "ஆனா வண்டியைத் திருப்பிடாதீங்க. இங்க இன்னும் ரெண்டு பேர் பொணம் மாதிரி நிக்கறாங்க... வந்து அள்ளிட்டுப் போங்க!"